நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி: எது, எப்போது, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடலைச் சிதைக்கும் பார்வோ, சளி இருமலில் தொடங்கி வலிப்பு வரை போகும் டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல், வெறிநோய். குட்டி வளர்க்கும் வீடு முதலில் பயப்பட வேண்டியது இந்த நான்குக்கும்தான். நான்குக்கும் நல்ல தடுப்பூசி இருக்கிறது. பார்வோவோ டிஸ்டெம்பரோ வந்த பிறகு அந்த வைரஸைக் கொல்லும் மருந்து நம் ஊர் மருத்துவமனைகளில் இல்லை. குட்டியின் உடம்பே போராடி மீளும்வரை அதைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. வெறிநோய்க்கு அதுவும் கிடையாது. ஊசி போட்டும் குட்டி போய்விட்டது என்று சொல்பவர்களின் தடுப்பூசிக் கார்டைப் பார்த்தால் பல நேரம் ஒரே குறைதான் தெரியும்: கடைசி ஊசி சீக்கிரமே முடிந்திருக்கும். அதனால் கீழே உள்ள பதில்களில் அந்த விஷயம் பல இடங்களில் வரும்.

குட்டிக்கு 45 நாள் ஆகுது. முதல் ஊசி இப்பவே போடலாமா?

போடலாம். ஆறு வாரம் முடிந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி போட்டுவிட வேண்டும். இந்த வயதுக்கென்றே ‘பப்பி டிபி’ என்று ஒரு ஊசி இருக்கிறது. அதில் பார்வோவும் டிஸ்டெம்பரும் மட்டும் இருக்கும். அது கிடைக்காவிட்டால், பல நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக வரும் வழக்கமான கூட்டு ஊசியையே டாக்டர் தொடங்குவார். பிறகு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை, குட்டிக்குப் பதினாறு வாரம் நிறையும் வரை.

தேதி போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும். குட்டி மார்ச் 1 அன்று பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 12, ஆறு வாரம்: பப்பி டிபி. மே 3, ஒன்பது வாரம்: கூட்டு ஊசி, எலிக்காய்ச்சல் மருந்தும் சேர்த்து. மே 24, பன்னிரண்டு வாரம்: அதே கூட்டு ஊசி இரண்டாம் முறை, வெறிநோய் ஊசி முதல் முறை. ஜூன் 21, பதினாறு வாரம்: மறுபடி கூட்டு ஊசி, வெறிநோய் பூஸ்டர். ஆகஸ்ட் 30 வாக்கில், ஆறு மாதத்தில், இன்னொரு கூட்டு ஊசி. குட்டியின் நிலையைப் பார்த்து டாக்டர் ஒரு வாரம் முன்பின் மாற்றலாம். ஜூன் 21-ஐ மட்டும் முன்னால் இழுக்கக் கூடாது.

ஏன் இத்தனை தடவை? ஒரே ஊசியில முடியாதா?

எல்லோரும் நினைப்பது, முதல் ஊசி கொஞ்சம் சக்தி தரும், இரண்டாவது இன்னும் கொஞ்சம் கூட்டும், மூன்றாவது நிறைவாக்கும் என்று. பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகளில் நடப்பது அதுவல்ல. இவை வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸால் ஆனவை. தடை இல்லாத குட்டிக்கு ஒரே ஊசியில் பாதுகாப்பு வந்துவிடும். தடை எங்கிருந்து வருகிறது என்றால், தாயிடமிருந்து.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குட்டியின் ரத்தத்தில் சேர்கின்றன. முதல் சில வாரங்கள் குட்டியைக் காப்பாற்றுவது இந்த இரவல் பாதுகாப்புதான். ஊசியில் இருக்கும் வைரஸையும் இதே எதிர்ப்புப் பொருள்கள் நோய் வைரஸ் என்றே எடுத்துக்கொண்டு அழித்துவிடும். அப்போது ஊசி போட்டும் போடாத கணக்குதான். தாயிடமிருந்து வந்த இந்த அளவு சுமார் பத்து நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும்.

அது முழுதாகக் குறைவதற்கு முன்னால் ஆபத்தான ஓர் இடைவெளி வரும். தெருவிலிருந்து வரும் வீரியமான வைரஸைத் தடுக்கப் போதாத அளவுக்கு எதிர்ப்புப் பொருள் குறைந்திருக்கும்; ஆனால் ஊசியின் வைரஸை அழிக்கப் போதுமான அளவு மிச்சமிருக்கும். அந்த நாள்களில் குட்டிக்கு நோய் தொற்றும், ஊசி பிடிக்காது. இந்த இடைவெளி ஒரு குட்டிக்கு எட்டாவது வாரத்தில் வரலாம், இன்னொன்றுக்குப் பதினான்காவது வாரத்தில் வரலாம். ஒரே வயிற்றில் பிறந்த குட்டிகளிலேயே முட்டிமோதி நிறையப் பால் குடித்த குட்டிக்கும், நோஞ்சானாக ஒதுங்கிய குட்டிக்கும் கணக்கு வேறு. ரத்தப் பரிசோதனை இல்லாமல் வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். தடை விலகிய பிறகு போடும் முதல் ஊசிதான் உண்மையில் வேலை செய்யும் ஊசி. பெரும்பாலான குட்டிகளுக்குப் பதினாறாவது வாரத்தில் தடை விலகியிருக்கும். அப்போதும் விலகாத சில குட்டிகள் உண்டு. அவற்றுக்காகத்தான் ஆறு மாத ஊசி. முன்பெல்லாம் இதை ஒரு வயதில் போடுவார்கள். உலகச் சிறு பிராணி கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் இதை 26 வாரத்துக்கே கொண்டுவரச் சொல்கிறது. ஊசி பிடிக்காத குட்டி பாதுகாப்பில்லாமல் திரியும் காலம் அதனால் 36 வாரத்திலிருந்து 10 வாரமாகக் குறையும்.

கார்டுல மூணு ஊசி முடிஞ்சிருச்சு. குட்டிக்கு 12 வாரம்தான் ஆகுது. கோர்ஸ் முடிஞ்ச மாதிரிதானே?

இல்லை. எத்தனை ஊசி என்பது கணக்கே இல்லை. கடைசி ஊசி எந்த வயதில் என்பதுதான் கணக்கு. நான்கு வாரம், ஏழு வாரம், பத்து வாரம் என்று மூன்று போட்டு முடித்த குட்டியைவிட, பதினாறு வாரத்தில் ஒரே ஒரு ஊசி பெற்ற குட்டிக்குப் பார்வோவிலிருந்து பாதுகாப்பு கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்காகப் பதினாறு வாரம் வரை ஊசியே போடாமல் காத்திருக்கவும் கூடாது. தாயின் பாதுகாப்பு சீக்கிரமே தீர்ந்துபோகும் குட்டிகளை நடுவில் இழந்துவிடுவோம்.

வித்தவர் ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ன்னு சொன்னார். நம்பலாமா?

வாயால் சொன்னதை விட்டுவிட்டுக் கார்டைப் பாருங்கள். தடுப்பூசிக் குப்பியின் மேல் உரித்தெடுக்கும்படி ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி அதில் அச்சாகியிருக்கும். டாக்டர் அதை உரித்துக் கார்டில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் பதிவு எண்ணும் போடுவார். ஸ்டிக்கர் இல்லாமல், பேனாவால் ‘வேக்சின்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை ஊசியாக எண்ண வேண்டாம். ஸ்டிக்கர் இருந்தாலும், ஊசித் தேதியிலிருந்து குட்டி பிறந்த தேதியைக் கழித்து, எந்த வயதில் போட்டது என்று பாருங்கள். முப்பதாம் நாளில் போட்டதாக இருந்தால் புதிதாகத் தொடங்குவதாகவே வைத்துக்கொள்வது நல்லது. கூடுதலாக ஓர் ஊசி போவதால் ஆரோக்கியமான குட்டிக்குக் கெடுதல் இல்லை. கூட்டு ஊசிகளுக்கு நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘செவன் இன் ஒன்’ நல்லதா, ‘நைன் இன் ஒன்’ நல்லதா?

எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமியின் ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக எண்ணி எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவது வழக்கம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸையும் அடினோ வைரஸையும் இரண்டாகச் சொல்வார்கள். ஊசியில் இருக்கும் ஒரே அடினோ வைரஸ்தான் இரண்டுக்கும் பாதுகாப்பு தருகிறது. சிலவற்றில் கொரோனா இருக்கும். இது மனிதரிடம் பரவிய கோவிட் அல்ல, நாய்க்கு வரும் லேசான குடல் தொற்று. அதற்கு ஊசி தேவை என்று சர்வதேச வழிகாட்டுதல் சொல்லவில்லை.

கேட்க வேண்டியது: பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ, எலிக்காய்ச்சல் நான்கும் இருக்கிறதா? இருந்தால் போதும். எந்தக் கம்பெனி என்பதைவிட, அது தொழிற்சாலையிலிருந்து குட்டியின் தோல் வரை குளிர் விடாமல் வந்ததா என்பது முக்கியம்.

மெடிக்கல்ல வாங்கி நாங்களே போட்டுக்கலாமா? பாதி விலைதான் ஆகுது.

வேண்டாம். ஊசி குத்தத் தெரியுமா என்பதல்ல இங்கே பிரச்சினை. கூட்டு ஊசி இரண்டு குப்பியாக வரும். ஒன்றில் அடியில் ஒட்டினாற்போல் உலர்ந்த வெள்ளை வில்லை; அதுதான் உயிருள்ள வைரஸ். இன்னொன்றில் கரைக்கும் திரவம், பெரும்பாலும் அதிலேயே எலிக்காய்ச்சல் மருந்தும் இருக்கும். இரண்டும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். மே மாதத்து மதியம், கரண்ட் போன கடை, கேரி பேக்கில் அரை மணி நேர பைக் பயணம் என்றால் வில்லையில் இருக்கும் வைரஸ் செத்துவிடலாம். செத்தாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும்; கரைத்தால் கரையும். ஊசி கெட்டுப்போனது குட்டிக்குப் பார்வோ வரும்போதுதான் தெரியும்.

அதிகக் குளிரும் ஆபத்து. ஃப்ரீசரில் வைத்தாலோ, ஐஸ் கட்டியின் மேல் நேராக வைத்தாலோ வெறிநோய், எலிக்காய்ச்சல் மருந்துகள் உறைந்து வீணாகிவிடும். டாக்டர் வாங்கி வரச் சொன்னால், தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, குப்பியைப் பேப்பரில் சுற்றி, நேராகக் கிளினிக்குக் கொண்டுபோங்கள். வழியில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கிளினிக்கில் நீங்கள் கவனிக்கக் கூடியவை சில உண்டு. குப்பி உங்கள் கண்முன் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வர வேண்டும். கரைத்தவுடன் போட வேண்டும். காலையில் கரைத்து வைத்ததை மாலையில் போடக் கூடாது. ஊசி குத்தும் இடத்தைச் சொட்டச் சொட்ட ஸ்பிரிட்டில் நனைத்துவிட்டு அந்த ஈரத்தின் மேலேயே குத்தினால் உயிருள்ள வைரஸ் பாதிக்கப்படலாம், உலரட்டும்.

பொமரேனியன் குட்டி, ஒரு கிலோகூட இல்லை. பாதி மருந்து போட்டா போதாதா?

போதாது. ஒரு கிலோ பொமரேனியனுக்கும் எட்டு கிலோ ராட்வீலருக்கும் முழு டோஸ்தான், பெரும்பாலான மருந்துகளில் அது 1 மி.லி. உடல் எடையைப் பார்த்து அளவு போட இது காய்ச்சல் மருந்து இல்லை. உடம்பின் எதிர்ப்பு அமைப்பைத் தூண்ட ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். ஒரு குப்பியை இரண்டு குட்டிகளுக்குப் பிரித்துப் போட்டால் இரண்டுக்குமே பலன் இல்லாமல் போகலாம்.

எலிக்காய்ச்சல் ஊசி நாய்க்கு எதுக்கு?

லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் இந்த நோயின் கிருமி எலி, பெருச்சாளியின் சிறுநீரில் வெளியேறி, தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் உயிரோடு இருக்கும். நாய் அந்தத் தண்ணீரை நக்கினாலோ, காலில் சிராய்ப்போடு அதில் நடந்தாலோ உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். கண்வெள்ளை மஞ்சளாகும், வாந்தி வரும், சிறுநீர் குறையும். நாயிடமிருந்து மனிதருக்கும் பரவும் என்பதால் இது வீட்டில் இருக்கிற குழந்தைகளுக்குமான பாதுகாப்பு.

இந்த ஊசியின் கணக்கு வேறு. இதில் இருப்பது கொல்லப்பட்ட கிருமி. அதனால் ஓர் ஊசி பலன் தராது. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு கட்டாயம். பாதுகாப்பும் ஓராண்டுதான் நிற்கும், வருடா வருடம் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கிற ஊர்களில், அக்டோபருக்கு முன்னால் இது முடிந்திருக்கும்படி தேதியை அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வகைக் கிருமிக்கானதும் நான்கு வகைக்கானதும் கிடைக்கின்றன. கிடைத்தால் நான்கு வகையையே கேளுங்கள்.

வெறிநோய் ஊசி மூணு மாசத்துக்கு முன்னாடி போடக் கூடாதா?

பன்னிரண்டு வாரத்தில் முதல் ஊசி, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துப் பூஸ்டர், பிறகு ஆண்டுதோறும். நம் நாட்டில் வெறிநோய் பரவலாக இருப்பதால் அந்தப் பூஸ்டரைத் தவிர்க்க வேண்டாம். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமம் தரவும் இந்த ஊசிக்கான சான்று வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனைகளில் கேளுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டி இலவச முகாம்களும் நடக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘சின்னக் குட்டிதானே, பால்பல்தானே’ என்று குட்டி கடித்ததை விட்டுவிடாதீர்கள். இரண்டு மாதக் குட்டிக்கும் வெறிநோய் வரும். தெருவிலிருந்து எடுத்து வந்த, ஊசி போடாத குட்டி கடித்தாலோ, பிறாண்டினாலோ, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கட்டுப் போடாமல், மஞ்சள் மிளகாய் எதுவும் வைக்காமல், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள்.

ஊசிக்கு முன்னாடி பூச்சி மருந்து கொடுக்கணுமா?

கொடுப்பது நல்லது. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் போய்விடும். கொக்கிப்புழு பால் வழியாக வரும். அதனால் எவ்வளவு சுத்தமாக வளர்த்தாலும் குட்டிக்குப் புழு இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எட்டு வாரம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. குட்டிகளுக்குப் பெரும்பாலும் பைரான்டெல் சிரப்தான். அளவு எடைக்கு எடை மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் எடை போட்டுக் கொடுங்கள். குட்டி வாரத்துக்கு வாரம் கனக்கிறது, போன மாத அளவு இந்த மாதம் போதாது.

ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் புழு நீக்கிவிட்டால் வசதி. மறந்துவிட்டால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

எப்போ ஊசியைத் தள்ளிப்போடணும்?

காய்ச்சல், வாந்தி, பேதி, சாப்பாட்டில் மந்தம் இருந்தால். குட்டியின் சாதாரண உடல் சூடு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் உடம்பைவிடச் சூடாக இருப்பதால் கையால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். லேசான தோல் அரிப்பு, ஒன்றிரண்டு உண்ணி போன்றவற்றுக்காக யாரும் தள்ளிப்போடத் தேவையில்லை.

ஊசி போட்டதிலிருந்து குட்டி சோர்ந்து படுத்திருக்கு. பயப்படணுமா?

ஒரு நாள், ஒன்றரை நாள் சோர்வும், லேசான காய்ச்சலும், குத்திய இடத்தில் வலியும் சகஜம். குத்திய இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்து சில வாரங்களில் கரையும்.

பயப்பட வேண்டியது வேறு. முகமோ கண்ணிமையோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, அடுத்தடுத்து வாந்தி, ஈறு வெளுத்துத் துவண்டு விழுவது. இவை ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். அதனால் ஊசி போட்டவுடன் கிளம்பாமல் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்காருங்கள். டாக்டர் கடை மூடும் நேரத்தில் போகாமல் காலையில் போவதற்கும் இதுதான் காரணம். வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ கொடுக்காதீர்கள். குட்டிக்கு அவை விஷமாகலாம்.

ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் குளிப்பாட்டக் கூடாது?

குளித்தால் ஊசியின் பலன் போகாது. குட்டிக்கு அன்றைக்கு உடம்பு அசதி, குத்திய இடம் வலிக்கும்; இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள், போதும்.

கோர்ஸ் முடியற வரைக்கும் வெளியே கூட்டிட்டுப் போகவே கூடாதா?

தரையில் இறக்குவதற்கும் வெளியே எடுத்துப்போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பார்வோ கிருமி நோய் கண்ட நாயின் மலத்தில் வெளியேறி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மலம் மழையில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் கிருமி அங்கேதான் இருக்கும். தெரு ஓரம், பூங்கா, கிளினிக்கின் தரை மூன்றிலும் குட்டியை இறக்காதீர்கள். பதினாறு வார ஊசிக்குப் பிறகு ஒரு வாரமாவது போகட்டும்.

அதே சமயம், குட்டி உலகத்தைப் பார்த்துப் பழகும் வயது மூன்றிலிருந்து பதினான்கு வாரம் வரைதான். அந்த நாள்களை நான்கு சுவருக்குள் அடைத்தால், வளர்ந்த பிறகு பஸ் ஹாரனுக்கும் அந்நியருக்கும் நடுங்குகிற, பயத்தில் கடிக்கிற நாயாகும். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆன குட்டியைக் கையிலோ கூடையிலோ தூக்கிப்போய்த் தெருவைக் காட்டுங்கள். முழுசாக ஊசி போட்ட, ஆரோக்கியமான நாய் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் விளையாட விடலாம். மொட்டை மாடி நல்ல இடம்.

வெளியிலிருந்து வருகிறவர்களின் செருப்பு வாசலோடு நிற்கட்டும். கிருமி செருப்பில் வரும்.

ஊசி போட்டும் பார்வோ வந்துச்சு. ஊசியே பொய்யா?

ஊசி பொய்யில்லை. மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். தாயின் எதிர்ப்புப் பொருள் ஊசியை அழித்திருக்கலாம், இதுதான் அதிகம். குளிர் விட்டுப்போன மருந்தாக இருந்திருக்கலாம். அல்லது ஊசி போட்ட அன்றைக்கே கிருமி உள்ளே இருந்திருக்கலாம். பார்வோ தொற்றி அறிகுறி தெரிய நான்கிலிருந்து ஏழு நாள், சில நேரம் இரண்டு வாரம்கூட ஆகும். கடையிலிருந்து வாங்கி வந்த மறுநாள் ஊசி போட்டு, ஐந்தாம் நாள் ரத்த பேதி என்றால் குட்டி பெரும்பாலும் நோயோடுதான் வந்திருக்கிறது.

பார்வோன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? முதல்ல என்ன செய்யணும்?

முதலில் சாப்பாடு வேண்டாம் என்று ஒதுங்கும். பிறகு நுரை நுரையாக வாந்தி. அடுத்த நாளுக்குள் தண்ணீராகப் பேதி. பல நேரம் ரத்தம் கலந்து, ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க முடியாத கெட்ட நாற்றத்தோடு. ஆனால் ரத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஊசி முடியாத குட்டி சாப்பிடாமல் இரண்டு தடவை வாந்தி எடுத்தாலே அன்றைக்கே கிளம்ப வேண்டும். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றுவதும், சிதைந்த குடல் வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் கலப்பதும்தான். இரண்டுக்கும் ட்ரிப்ஸும் ஊசி மருந்தும் சீக்கிரம் தொடங்கினால் பல குட்டிகள் பிழைத்துவிடுகின்றன. வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

வாந்தி எடுக்கிற குட்டியின் வாயில் தண்ணீர், இளநீர், தயிர், எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மனிதருக்கான பேதி மாத்திரையும் வேண்டாம். கொஞ்சம் மலத்தை மூடிய டப்பாவில் எடுத்துப் போங்கள். கிளினிக்கில் பத்து நிமிடத்தில் கிட் வைத்துப் பார்த்துவிடலாம். போனவுடன் குட்டியை வெளியிலேயே வைத்துக்கொண்டு, ‘பார்வோ சந்தேகம்’ என்று உள்ளே சொல்லுங்கள். ஊசிக்கு வந்து காத்திருக்கிற மற்றக் குட்டிகள் அங்கே இருக்கும்.

டிஸ்டெம்பர் வேறு மாதிரி தொடங்கும்: கண்ணில் பீளை, மூக்கில் கெட்டிச் சளி, இருமல், காய்ச்சல். சில வாரம் கழித்து, சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது கால் வெட்டி வெட்டி இழுக்கும், வலிப்பு வரும். அந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு.

எங்க வீட்டுல ஒரு குட்டி பார்வோவுல இறந்திருச்சு. அடுத்த குட்டி எப்போ கொண்டு வரலாம்? ஃபினாயில் போட்டுக் கழுவிட்டோம்.

ஃபினாயில், டெட்டால், சானிடைசர் மூன்றையும் பார்வோவுக்கு நம்ப முடியாது. வெளிப்பக்கம் கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால் அவற்றைத் தாங்கி நிற்கும். குளோரின்தான் வேண்டும்.

முதலில் மலம், வாந்திக் கறை எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு மிச்சமிருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 கிராம் பிளீச்சிங் பவுடர், ஏறத்தாழ ஒன்றரை டீஸ்பூன், கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவுங்கள். பவுடர் புதிதாக, மூக்கைத் துளைக்கும் வாசனையோடு இருக்க வேண்டும். கட்டிபட்டு நமுத்துப்போனதில் குளோரின் இருக்காது. கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும். தட்டு, கிண்ணத்துக்கும் இதே கரைசல்தான். துணிப் படுக்கை, கோணி, மரப்பொம்மை, கழுத்துப் பட்டை எல்லாம் போகட்டும்.

மண் தரையையும் தோட்டத்தையும் இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. நிழலான மண்ணில் கிருமி பல மாதம், ஒரு வருடம்கூட இருக்கும். அதனால் மனசு கேட்காமல் அடுத்த மாதமே 45 நாள் குட்டியைக் கொண்டுவருவதை எங்களால் ஆதரிக்க முடியாது. பதினாறு வார ஊசி முடிந்து இரண்டு வாரமான குட்டியையோ, ஊசி போட்ட வளர்ந்த நாயையோ தத்தெடுங்கள்.

நாட்டு நாய்க்கு எதுவும் வராதுன்னு சொல்றாங்களே?

வரும். சாலையோரத்தில் பிறந்த குட்டிகள் பார்வோவில் இறப்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை, பிழைத்த நாய் மட்டும் கண்ணில் படுகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாவற்றுக்கும் இதே அட்டவணைதான். ராட்வீலர், டாபர்மேன் குட்டிகளைப் பார்வோ அதிகமாகத் தாக்குகிறது. அவற்றுக்கு ஆறு மாத ஊசியைத் தவறவிடவே கூடாது.

ஒரு ஊசி ரெண்டு மாசம் தள்ளிப்போச்சு. முதல்ல இருந்து போடணுமா?

பதினாறு வாரத்துக்குள் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அதைத் தாண்டிய குட்டிக்குத் தாயின் தடை பெரும்பாலும் இருக்காது. கூட்டு ஊசி ஒன்று, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று என்று போடுவது வழக்கம். எலிக்காய்ச்சல் ஊசிக்கு மட்டும் இடைவெளி ஆறு வாரத்தைத் தாண்டியிருந்தால் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்வோம்.

தெருவுல தாயில்லாம கிடந்த குட்டி. வயசும் தெரியல.

பல்லைப் பாருங்கள். முன்பக்கப் பால்பல் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கத் தொடங்கும். எட்டு வாரத்தில் பால்பல் எல்லாம் வந்திருக்கும். நான்கு மாதத்தில் முன்பற்கள் விழுந்து பெரிய பல் முளைக்கும். சீம்பால் குடித்ததா என்று தெரியாத குட்டிக்கு, பாதுகாப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு டாக்டர் நான்கு முதல் ஆறு வாரத்திலேயே தொடங்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடுவார். வீட்டில் வேறு குட்டி இருந்தால் இரண்டு வாரம் தனி அறை, தனித் தட்டு. முதலில் வீட்டுக் குட்டிக்குச் சாப்பாடு வையுங்கள், அப்புறம் இதற்கு; திரும்பி வரும்போது சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஒரு வயசுக்குப் பிறகு?

எலிக்காய்ச்சல், வெறிநோய் இரண்டும் ஆண்டுதோறும். பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ மூன்றும் ஒழுங்காகப் பிடித்திருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும். வருடம் தவறாமல் முழுக் கூட்டு ஊசியும் போடுவது தேவையில்லை. எலிக்காய்ச்சல் மருந்து மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். வெறிநோயோடு சேர்த்து வருவதும் உண்டு.

பெண் நாய் குட்டி போடப் போகுது. இப்ப அதுக்கு ஊசி போட்டா குட்டிகளுக்கு நல்லதா?

சினையாக இருக்கும்போது உயிருள்ள வைரஸ் ஊசி போடக் கூடாது. இணை சேர்ப்பதற்கு முன்பே தாயின் ஊசிகள் முடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் சீம்பாலில் எதிர்ப்புப் பொருள் நிறைய இருக்கும். இப்போது செய்யக்கூடியது, பிறந்த ஒவ்வொரு குட்டியும் முதல் நாளிலேயே மடியைப் பிடித்துக் குடிக்கிறதா என்று பக்கத்திலிருந்து பார்ப்பது. ஒதுங்குகிற குட்டியை எடுத்துப் பால் நன்றாக வரும் பின்பக்கக் காம்பில் வைத்துவிடுங்கள்.